நெத்திலியின் ப்ளக்கைப் பிடுங்குவதற்கு முன்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கதை சொல்ல வந்தவரே இல்லை. என்னுடைய மெயில் ஏன் போகவில்லை என்று பார்க்க வந்தவர். பார்த்துக்கொண்டே சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன், இப்போது எழுதுகிறேன். இதில் என் கற்பனை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: மிகவும் குறைவு, அதுவும் தேவையில்லாத இடங்களில்.

நடந்தது இதுதான். ஒரு பத்திரிகைக்குச் சிறுகதை ஒன்றை மெயிலில் அனுப்பியிருந்தேன். ஆசிரியர் வரவில்லை என்றார். திரும்ப அனுப்பினேன். திரும்பவும் வரவில்லை என்றார். கதை பிடிக்காவிட்டால் பத்திரிகைக்காரர்கள் இப்படித்தான் சொல்லி நழுவுவார்கள் என்று என் எழுத்தாள நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவர்களுடைய கதைகளைப் படித்தவன் என்பதால் எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் என் கதைக்கும் அதையே சொன்னால் எப்படி?

எதிர்வீட்டு ஜெயம் அக்காதான் வழி சொன்னார். "மெயிலு போவலன்னா அதுக்கு ஏன் அந்தாளத் திட்றீங்க? கார்குழலின்னு ஒரு பொண்ணு வரும். கூப்ட்டுப் பாருங்க. எங்க ஊட்ல பிரிண்டரு, கேமரா எல்லாம் அதுதான் பாக்குது."

கார்குழலி ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என் புத்தக அலமாரி மேல் வைத்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், திரையை ஒரு தடவை மேலும் கீழும் ஓட்டினார், சிரித்துவிட்டார்.

"பொட்டி ரொம்பிடிச்சி சார். உள்ள எடமே இல்ல. அதான் எதுவும் வெளிய போவல. எதையுமே அழிக்க மாட்டீங்களா?"

"மனசு வராதும்மா."

"மனசு வந்து அழிச்சா மட்டும் போயிடும்னா நெனைக்கிறீங்க? எங்க ஆபீஸ்ல ஒன்ன அழிச்சேன் சார் நானு…"

அப்படித்தான் ஆரம்பித்தது. என் பெட்டியிலிருந்து ஜவுளிக்கடைத் தள்ளுபடி அறிவிப்புகளை ஒவ்வொரு கொத்தாக வெளியே தள்ளியபடி கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மிகவும் முக்கியமான இடத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது, எழுந்து போய்விட்டார். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவுக்காக மட்டும் ஏறியவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரத் தெருக்களில் காகிதப்பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில், மஞ்சள் சுவரோரமாகக் கார்குழலி தன்னந்தனியாக…"

வேண்டாம். கார்குழலி வேலை பார்த்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் குருசுக்குப்பத்துக் கருவாட்டு வாசனை நேராக உள்ளே வரும். மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் வெளியூர்க்காரர்கள் போடும் படங்களில்தான் அவர் பார்க்கிறார்.

இரண்டாவது: "யூனிக்ஸ் என்பது சென்ற நூற்றாண்டில் உருவான ஒரு கணினி இயக்க…"

நீங்கள் எழுந்து காபி போடப் போவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யூனிக்ஸ் என்பது சொன்னதைச் செய்யும் சாதி. அழி என்றால் அழித்துவிடும். "நிஜமாகத்தான் சொல்கிறாயா?" என்று நம் போன் கேட்பது போலக் கேட்காது.

மூன்றாவது: "செல்வகுமார் பொய் சொல்பவன் என்பது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை அவன் உண்மையைச் சொன்னான். அதுதான் சிக்கல்."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

அது பிரான்சில் வெளிவரும் ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் ஆபீஸ். முதலாளி நாராயணசாமி. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், அதனால் வீட்டில் பிரெஞ்சு உண்டு. ஆபீசில் எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்பார்கள். அவருக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். ரொம்பக் கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். அவர் பிரெஞ்சில் கத்தும்போது யாரும் கவலைப்படுவதில்லை.

யூனிக்ஸ் மெஷின்களை அவர்தான் வாங்கிப் போட்டார், மாற்றவும் மாட்டேன் என்கிறார். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை கார்குழலிக்கு. இப்படிப்பட்ட மெஷின்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். சிலர் கிரகங்களின் பெயரை வைப்பார்கள், சிலர் நதிகளின் பெயரை. கார்குழலி மீன் பெயர் வைத்தாள். செல்வகுமார் உட்காரும் மெஷின் வஞ்சிரம். பிரிண்டர் மாட்டியிருப்பது சங்கரா. ஆபீசின் மெயில் அத்தனையையும் வாங்கி வெளியே அனுப்பும் பெட்டிக்கு நெத்திலி. எல்லாவற்றிலும் சின்னது அது, வேலை மட்டும் அதற்குத்தான் அதிகம்.

(மேலே அவரை "சொன்னார், சிரித்தார்" என்று எழுதிவிட்டு இங்கே "வைத்தாள்" என்கிறேனே என்று கேட்கலாம். என் வீட்டுக்கு வந்தவர் வேறு, கதைக்குள் இருப்பவள் வேறு. என் வீட்டுக்கு வந்தவருக்கு எதையும் சொல்ல எனக்கு உரிமையில்லை.)

செல்வகுமாருக்கு ஊர் தவளக்குப்பம். அச்சுக்குத் தயாரான பக்கங்களைப் பிரான்சுக்கு மெயில் செய்வது அவன் வேலை. கெட்டிக்காரன்தான். ஆனால் தினமும் காலையில் "எங்கடா இருக்க?" என்று கேட்டால், "அரியாங்குப்பம் பாலம் தாண்டிட்டேன்" என்பான். வாயில் பல்பொடி நுரையோடு சொல்வான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பான், டிபன் டப்பா திறக்காமலே இருக்கும். ஒன்றும் பெரிய பொய்கள் இல்லை. கேட்பவர் மனசு கோணக் கூடாது என்று சொல்லும் பொய்கள். ஆனால் அவற்றை ஆண்டுக்கணக்காகச் சொல்லியிருந்தான்.

அந்தப் புரட்டாசியில் பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து ஒரு மதாம், ஓர் ஆய்விதழின் ஆசிரியை, எழுதினார். பக்கங்கள் வரவில்லை. செல்வா அனுப்பிவிட்டேன் என்றான். மதாம் மறுபடி எழுதினார். செல்வா மறுபடி அனுப்பிவிட்டேன் என்றான். இப்படியே போய், இதழ் கெடு தாண்டிவிட்டது. அடுத்த இதழை வேறு இடத்தில் கொடுக்கப்போகிறோம் என்று மதாம் மிக அழகான பிரெஞ்சில் எழுதிவிட்டார்.

நாராயணசாமி அதைப் படித்துவிட்டு எழுந்து வந்தார். முதலில் பிரெஞ்சில் ஆரம்பித்தார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு எத்தினி தடவடா சொல்லுவ? பாலம் தாண்டிட்டேன்னு சொல்ற அதே வாயிதானே இது?"

"இல்ல முசியே, நெசமாவே அனுப்பிட்டேன்."

"அப்ப காட்டு. எங்க போச்சின்னு காட்டு. காட்ட முடியலன்னா பூஜை முடிஞ்சி நீ வர வேணாம்."

பூஜை என்றால் ஆயுத பூஜை. அடுத்த நாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முதல் வரைவில் இந்த இடத்தில் நெடுமாறன் என்று ஒருவர் இருந்தார். தண்ணீர்க் கேன் தூக்குவார், ஒயரிங் பார்ப்பார், எல்லாச் சண்டையிலும் ஓரமாக நின்று உச்சுக்கொட்டுவார். கதையில் ஆள் அதிகமாகிறது என்று எடுத்துவிட்டேன். அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.)

4

எல்லாரும் போன பிறகும் செல்வா இடத்தை விட்டு நகரவில்லை. கார்குழலி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கேட்டான்.

"கொழலி, நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்."

"சும்மா சொல்லாத."

அவளுக்கு அது சுருக்கென்றது. நம்புகிறேன் என்று அவள் சொன்னது, சாப்பிட்டேன் என்று அவன் சொல்வதைப் போலத்தான் இருந்தது. வேலை போவதைக்கூட அவன் தாங்கிக்கொள்வான், முதன்முதலாகச் சொன்ன ஒரு முழு உண்மைக்குப் பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதுதான் அவனை அறுத்தது. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாளைக் காலையில் சீக்கிரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் வந்தாள். நெத்திலியின் வாசலில் யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்குக் கதவு திறக்கவில்லை என்பதை நெத்திலியே ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு லாக் என்று பெயர். செல்வா அனுப்பியிருந்தால் அதில் இருக்கும், அனுப்பாவிட்டால் இருக்காது. இரண்டு நிமிட வேலை. கார்குழலி லாக்கைக் கேட்டாள்.

அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது நெத்திலி.

வேறு இடத்தில் தேடினாள். இல்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தாள். அநேகமாக நிரம்பிவிட்டது என்றது. உள்ளே இருக்கும் கோப்புகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. பெட்டி நிறைந்திருக்கிறது, உள்ளே பொருள் இல்லை.

இங்கே நான் குறுக்கிட்டேன், என் வீட்டில், என் நாற்காலியில். "யாராவது வேணும்னே அழிச்சிட்டாங்களா?"

"வேணும்னே இல்ல சார். பக்தியா அழிச்சது."

"யாரு?"

கார்குழலி என் ஜவுளிக்கடை மெயில்களில் இன்னொரு கொத்தைத் தள்ளிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நாந்தான் சார்."

5

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முன்னால் ஆபீசைக் கழுவித் துடைப்பார்கள். அதற்குத் தலைவி சுலோசனா அக்கா. அவர்தான் ஆபீசின் நிர்வாகம், சம்பளம், விடுப்பு, டீ, பூஜை எல்லாம். ஒருவர் பாக்கியில்லாமல் கையில் துணியைக் கொடுத்துவிடுவார். "நீ மட்டும் இன்னா உக்காந்துகினு டைப் அடிக்கிற?" என்று கார்குழலியை முதல் வருஷம் கேட்டார். கார்குழலி, "நான் உள்ள இருக்கற குப்பையத் தொடைக்கிறேன்க்கா" என்றாள். சொல்லிவிட்டதால் செய்யவும் வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம், மற்றவர்கள் ஃபேன் இறக்கையைத் துடைக்கும்போது, அவள் மெஷினுக்குள் இருக்கும் பழைய கோப்புகளை அழிப்பாள். இந்த வருஷம் பூஜைக்குப் பல நாள் முன்பே அந்த வேலையை முடித்திருந்தாள். அப்போது நெத்திலியில் ஒரு கோப்பு அநியாயத்துக்குப் பெருத்துக் கிடந்தது. ஒட்டடையோடு ஒட்டடையாக அதையும் தட்டிவிட்டாள்.

அது லாக்.

இப்போது கதையின் ஒரே தொழில்நுட்பப் பாடம். கார்குழலி எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"யூனிக்ஸ்ல அழிக்கிறதுன்னா பேர எடுக்கறது சார், அவ்ளோதான். அந்தக் கோப்ப யாராச்சும் தொறந்து வச்சி எழுதிட்டிருந்தா, பேரு போனாலும் அவங்க பாட்டுக்கு எழுதிட்டேதான் இருப்பாங்க. நமக்குத் தெரியாது. எடத்த மட்டும் அடைச்சிக்கினு கெடக்கும். எழுதறவரு கைய எடுத்தாத்தான் நெசமாவே போவும். இல்லன்னா மெஷின நிறுத்தணும்."

எங்கள் தெரு முனையில் ஒரு பெட்டிக்கடையின் பெயர்ப்பலகையை அகற்றிவிட்டார்கள். வியாபாரம் இன்னும் நடக்கிறது. நான் அப்படிப் புரிந்துகொண்டேன்.

ஆக, பெயர் போன அந்தக் கோப்பில் நெத்திலி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. டிஸ்க் நிறைந்தது. செல்வாவின் பக்கங்கள் ஒவ்வொன்றும் பெரிய மூட்டை. மூட்டைக்கு இடமில்லை என்று நெத்திலி கதவைச் சாத்திவிட்டது. சாத்தினேன் என்று ஒரு வரி எழுதிக்கொள்ள மட்டும் அதற்கு இடம் இருந்தது.

அப்படியானால் செல்வாவுக்கு ஏன் தெரியவில்லை? இது கார்குழலி சொல்லும்போது குரல் தாழ்ந்த இடம். செல்வா மெயில் அனுப்பப் பயன்படுத்தும் சின்னக் கட்டளையை எழுதியதும் அவள்தான். நெத்திலி என்ன பதில் சொன்னது என்று அது கேட்காது. நகலும் வைத்துக்கொள்ளாது. மூட்டையைக் கொண்டுபோய் வாசலில் நீட்டிவிட்டுத் திரும்பி வந்து, "அனுப்பியாச்சு" என்று திரையில் சொல்லும். செல்வாவின் மனசு கோணாமல் இருக்க, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டு வைத்திருந்தாள்.

6

பெயரில்லாத கோப்பைப் படிக்க வழி உண்டு. எழுதிக்கொண்டிருப்பவரின் கைவழியாகவே எட்டிப் பார்க்கலாம். பூஜை நாள் காலையில், சுலோசனா அக்கா வாசலில் கோலத்துக்கு மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது, கார்குழலி எட்டிப் பார்த்தாள்.

"சங்கராவில் பேப்பர் இல்லை."
"சங்கராவில் பேப்பர் இல்லை."
"சங்கராவில் பேப்பர் இல்லை."

திரை திரையாக இதுதான். சங்கராவில் மாட்டிய பிரிண்டர் பழுதாகி வெகுநாள் ஆகிறது. சுலோசனா அக்கா அதன் மேல் ஒரு துணி விரித்துப் பூச்சாடி வைத்திருந்தார். யாரும் அதன் ஒயரை எடுக்கவில்லை. பூச்சாடியைச் சுமந்துகொண்டு அது ஓயாமல் நெத்திலியிடம் பேப்பர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் புலம்பலில்தான் கோப்பு அவ்வளவு பெருத்தது. லியோன் மதாமின் இதழ் பூச்சாடிக்கடியில் போயிருந்தது.

நடுநடுவே வேறு வரிகள். "வஞ்சிரத்திலிருந்து செல்வகுமார். பிரான்சுக்கு. இடமில்லை, ஏற்கவில்லை." கொஞ்சம் தள்ளி மறுபடி. இன்னும் தள்ளி மறுபடி. அவன் அனுப்பியிருக்கிறான். ஒவ்வொரு தடவை திட்டு வாங்கிய பிறகும் திரும்ப அனுப்பியிருக்கிறான். கார்குழலிக்குக் கண் நிறைந்துவிட்டது. சங்கராவில் பேப்பர் இல்லை என்ற வரியைப் பார்த்தபடி அழுதது அந்தத் தொழிலில் அநேகமாக அவள் ஒருத்திதான்.

அந்த வரிகளை வேறு மெஷினுக்கு எடுத்து வைக்க ஒரு கட்டளை போதும். அவள் செய்யவில்லை. டீ குடிக்கப் போனாள்.

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரிடமே கேட்டேன். "ஏம்மா, அத எடுத்து வச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாமே?"

"டீ ஆறிடும்னு போனேன் சார்."

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டார். அந்த லாக்கைக் காட்டினால் முசியேயின் முதல் கேள்வி, இது இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்பதாகத்தான் இருக்கும். அதை அழிக்கும் அதிகாரம் ஆபீசில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. பழியிலிருந்து செல்வா வெளியே வந்தால் அவள் உள்ளே போக வேண்டும். டீயோடு சேர்த்து அவள் குடித்தது இதைத்தான் என்பது என் ஊகம். இந்த வாக்கியம் அழகாக இருப்பதால் எனக்கே இதன்மேல் நம்பிக்கை இல்லை.

7

பூஜை.

ஆயுத பூஜையன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. மெஷின்களை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அடுத்த நாள் வரை யாரும் தொடக் கூடாது என்பது சுலோசனா அக்காவின் சட்டம். மெயில் பெட்டியை மட்டும் அணைக்க வேண்டாம் என்று கார்குழலி முந்தைய வருஷங்களில் கெஞ்சித் தப்பித்திருக்கிறாள். இந்த வருஷம் அக்கா விடுவதாயில்லை.

"வருசம் பூரா ஒழைக்கிற மெஷினு. அதுக்கு ஒரு நாளு லீவு குடுக்க மாட்டியா? அதான் மெயிலு போவாம அடம் புடிக்குது. மனுசனா இருந்தா எப்பவோ படுத்திருப்பான்."

நெத்திலியில் இன்னொரு தகராறும் இருந்தது. புரட்டாசி மாதம், பூஜை நாள், சந்தனம் வைக்கப்போகும் பெட்டியின் நெற்றியில் கார்குழலியின் கையெழுத்தில் "நெத்திலி" என்று ஒட்டியிருந்தது. கவுச்சிப் பேருக்கெல்லாம் சூடம் காட்ட முடியாது என்று சுலோசனா அக்கா ஒரு வெள்ளைத் தாளில் "வெண்டைக்காய்" என்று எழுதி அதன் மேல் ஒட்டினார். வஞ்சிரம் அன்றைக்கு வாழைக்காய் ஆனது. சங்கராவுக்குச் சைவத்தில் ஒன்றும் தோன்றாமல் "முருகன் துணை" என்று எழுதிவிட்டார்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். நாராயணசாமி பட்டு வேட்டியில் நின்றார். செல்வகுமார் வந்திருந்தான், எல்லாருக்கும் முன்பாகவே. அன்றைக்கு மட்டும் யாரும் எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அவன் மேசை டிராயர் ஏற்கெனவே காலியாகியிருந்தது. பொரியும் கடலையும் கலந்த தட்டைக் கையில் பிடித்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். வாழைக்காய் அணைந்தது. முருகன் துணை அணைந்தது, பூச்சாடியோடு. கடைசியில் வெண்டைக்காய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சுலோசனா அக்கா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு சொன்னார். "நெடுமாறா, கீழ பூந்து அந்தப் ப்ளக்கப் புடுங்கு."

நெடுமாறன் மேசைக்கடியில் புகுந்தார்.

ஒரு நிமிடம். இவர் எப்படி வந்தார்? இவரை நான் மூன்றாம் பகுதியிலேயே எடுத்துவிட்டேனே. கதை கேட்கும்போதே முதல் வரைவு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், இதைக் கார்குழலியிடமே கேட்டேன். "நெடுமாறன்னு ஒருத்தர் வேண்டாம்னு நெனச்சேனே. கதையில நெறய பேரு ஆயிடுச்சு."

"பேரத்தானே சார் எடுத்தீங்க," என்றார் அவர். "ஆள யாராவது புடிச்சிட்டிருப்பாங்க."

யார் பிடித்திருப்பார்கள் என்று யோசித்தேன். கவலைப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த உங்களைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

போகட்டும். நெடுமாறனின் கை ப்ளக்கின் மேல் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் எழுதுகிறவர் கையை எடுத்துவிடுவார். பெயரில்லாத கோப்பு இந்தத் தடவை உண்மையாகவே போய்விடும். செல்வா அனுப்பினான் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியும் போகும், அழித்தது யார் என்பதும் போகும். நாளைக்கு மெஷின் எழுந்திருக்கும்போது டிஸ்க்கில் தாராளமாக இடம் இருக்கும், மெயில் ஜோராகப் போகும். பூஜை போட்டதும் சரியாகிவிட்டது பார் என்று சுலோசனா அக்கா வருஷம் முழுக்கச் சொல்வார். கார்குழலியை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும்.

அவள் செல்வாவைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்து ஒரு கடலையை எடுத்து, தின்னாமல், திரும்பத் தட்டிலேயே போட்டான்.

கார்குழலி வாயைத் திறந்தாள். "அக்கா…"

அப்போதுதான் போன் வந்தது. அங்கே இல்லை. இங்கே, என் வீட்டில்.

8

முடிவுகள். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள். லாக்கைக் காட்டுகிறாள். நாராயணசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வாவைக் கட்டிப்பிடிக்கிறார், அவளையும் மன்னித்து… அடித்துவிட்டேன். பட்டு வேட்டி கட்டிய முதலாளி பூஜை நேரத்தில் யாரையாவது கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. மதாமும் திரும்பி வரப்போவதில்லை. முசியே தமிழில்தான் கத்தியிருப்பார்.

இரண்டு: "அக்கா, சந்தனம் கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துகொள்கிறாள். ப்ளக் பிடுங்கப்படுகிறது. செல்வா பொரித் தட்டை வைத்துவிட்டுப் படியிறங்குகிறான். அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். இதைத்தான் நான் நன்றாக எழுதியிருந்தேன். வருத்தம், மழை, கருவாட்டு வாசனை எல்லாம் அமைந்து வந்தன. அதையும் அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார்குழலி என் கணினியை விட்டு எழுந்து, ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, போனில் இப்படிப் பேசினார்: "எங்கடா இருக்க? பாலம் தாண்டிட்டியா? பொய் சொல்லாத… வாயில நொரையோட பேசாத, துப்பிட்டுப் பேசு… சரி, கதிர்காமத்துல அந்த ஸ்கேன் சென்டருக்கு நீ நேரா வந்துடு. கேபிள நான் எடுத்துட்டு வர்றேன்."

என்னிடம் திரும்பி, "மிச்சத்த அப்புறம் சொல்றேன் சார், உங்க கத இப்ப போயிடும்" என்றார். போய்விட்டார். என் கதையும் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் படித்துவிட்டு, வரவில்லை என்று சொன்ன காலமே நன்றாக இருந்தது என்பது போல ஒரு பதில் போட்டார்.

இப்போது நீங்களும் நானும் ஒரே தகவலோடு இருக்கிறோம். கார்குழலி இப்போது அந்த ஆபீசில் இல்லை, வீடு வீடாகப் போகிறார். போனில் இருந்தவன் இன்னும் பாலம் தாண்டவில்லை. சொல்லிவிட்டதால் அவள் வேலை போய், அவனும் அவளோடு வந்துவிட்டானா? சொல்லாமல் இருந்து, பிறகு தாங்காமல் அவளே விட்டுவிட்டு அவனைத் தேடிப் போனாளா? எதைச் சொல்லியிருந்தால் ஒருவன் இன்னமும் அவளிடம் மட்டும் பல் தேய்த்துக்கொண்டே பொய் சொல்வான்? ஜெயம் அக்காவைக் கேட்டேன். "அதெல்லாம் அதுங்களுக்குள்ள. உங்க மெயிலு போச்சா இல்லியா?" என்றார்.

கேட்டுவிடலாம் என்று நேற்றுக் கார்குழலிக்கே ஒரு மெயில் போட்டேன். "அக்கா என்று சொன்ன பிறகு என்ன சொன்னீர்கள்?" ஒரே வரி. கொஞ்ச நேரத்தில் எங்கோ இருக்கும் ஒரு மெஷினிடமிருந்து பதில் வந்தது. அதன் மொழியை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் மெயில் இன்னும் போய்ச் சேரவில்லை. விடாமல் முயன்றுகொண்டிருக்கிறோம். இது எச்சரிக்கை மட்டுமே. நீங்கள் திரும்ப அனுப்பத் தேவையில்லை."

நான் திரும்ப அனுப்பவில்லை.

ஆனால் ஒன்று. இதை இங்கே நிறுத்திவிட்டு நான் படுக்கப் போகலாம், நீங்கள் பக்கத்தைத் திருப்பலாம். மேசைக்கடியில் நெடுமாறன் குனிந்தபடியே இருக்கிறார். கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. செல்வா தட்டைப் பார்த்தபடி நிற்கிறான். கார்குழலியின் வாய் திறந்தே இருக்கிறது. நெத்திலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வரிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. நெடுமாறனை நான் எடுத்துவிட்டதால் என் பேச்சு அவருக்குக் கேட்காது. முதுகு வலி உள்ள மனிதர் வேறு. உங்களைத்தான் கேட்கிறார்.

"புடுங்கவா, வேணாமா?"